அடுக்குமாடியில் ஒரு வகுப்பு: கோலாலம்பூரில் சமூகத் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு

"அக்கா, நம்ம பிள்ளைங்களுக்கு ஏதாவது செய்யணும்" என்று ஆண்டுதோறும் சில இளைஞர்கள் என்னிடம் வருகிறார்கள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டு ஆனவர்கள், நல்ல மனசுக்காரர்கள். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்தப் பிள்ளை, எந்த மாடி? பெரும்பாலும் பதில் வராது. "பி40 பிள்ளைங்க" என்பார்கள். பி40 என்பது வருமானத்தில் கீழே உள்ள நாற்பது விழுக்காட்டுக் குடும்பங்களுக்குக் கணக்கெடுப்பவர்கள் வைத்த சொல். அந்தப் பெயரைச் சொல்லி யார் வீட்டுக் கதவையும் தட்ட முடியாது.

கோலாலம்பூரின் ஒரு பிபிஆர் (அரசாங்கத்தின் குறைந்த வாடகை வீடமைப்பு) அடுக்குமாடியில் பதினோரு ஆண்டுகளாக மாலை வகுப்பு நடத்துகிறேன். தொடங்கும்போது எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைப்பவற்றை, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசையை மாற்றாதீர்கள். நான் மாற்றிச் செய்துதான் முதல் இரண்டு ஆண்டுகளை வீணாக்கினேன்.

சமூகத் தொழில் என்றால் என்ன என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. நன்கொடை வாங்கி உதவி செய்வது தொண்டு. ஒரு பொருளையோ சேவையையோ விற்று, அந்த வருமானத்தில் ஒரு சமூகக் குறையைத் தொடர்ந்து தீர்ப்பது சமூகத் தொழில். இரண்டும் வேண்டும். ஆனால் படிப்பு என்பது ஒரு பிள்ளையோடு ஐந்தாறு ஆண்டு நடக்க வேண்டிய வேலை. ஆண்டு இறுதியில் முடிந்துபோகும் பணத்தை நம்பி அதை ஆரம்பிக்கக் கூடாது.

முதல் படி: கற்பிக்காதீர்கள், கேளுங்கள்

முதல் இரண்டு மாதம் புத்தகத்தைத் தொடவே வேண்டாம். இருபது வீடுகளுக்குப் போங்கள். தனியாகப் போகாமல் அந்த மாடியில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆண்ட்டியை உடன் அழைத்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன், இந்தக் குடும்பங்கள் எப்படி இங்கே வந்தன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் கைமாறியபோதும் லயத்து வீடுகளை விட்டு வந்தவர்கள் நகரத்துப் புறம்போக்கில் பலகை வீடு கட்டினார்கள். அந்தப் பலகை வீடுகளும் உடைக்கப்பட்டபோது பலருக்குக் கிடைத்தது பிபிஆர். மாத வாடகை 124 வெள்ளி (ரிங்கிட்), மூன்று அறை, சுமார் 700 சதுர அடி. அதில் ஏழெட்டுப் பேர் இருக்கும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். யுனிசெஃப் கோலாலம்பூர் வட்டாரக் குறைந்த விலை அடுக்குமாடிகளில் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், எல்லா இனத்தையும் சேர்த்து ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். இரட்டைக் கோபுரம் தெரியும் சன்னலுக்குப் பின்னால் நடப்பது இது. பசியோடு வரும் பிள்ளைக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்க முடியாது என்பதை நான் மூன்றாம் மாதத்தில்தான் புரிந்துகொண்டேன்.

கேட்க வேண்டியவை இவை. பள்ளி விட்டு வரும்போது வீட்டில் யார் இருக்கிறார்கள்? இரவில் பிள்ளை எங்கே உட்கார்ந்து எழுதுகிறது? பள்ளிக்கு எப்படிப் போகிறது, வேன் பணம் எவ்வளவு? கடைசியாக எந்த நாள் பள்ளிக்குப் போகவில்லை, ஏன்? பிறப்புப் பத்திரம் இருக்கிறதா? கடைசிக் கேள்வியை முதல் சந்திப்பில் கேட்காதீர்கள். பெற்றோர் திருமணத்தைப் பதியாததால் பத்திரச் சிக்கலில் மாட்டிய பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள், அது அந்தத் தாயின் தீராத பயம். நம்பிக்கை வந்தபின் அவரே சொல்வார். சொன்னதும் வகுப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு அவரோடு தேசியப் பதிவிலாகாவுக்குப் போங்கள். தள்ளிப்போட்டால் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது அடையாள அட்டை எடுக்கும்போது சிக்கல் பெரிதாகிவிடும்.

என் முதல் வகுப்பில் பதினான்கு பேர் இருந்தார்கள். மூன்றாம் மாதம் ஐந்து பேர். பாடம் சுவாரசியமாக இல்லையோ என்று நினைத்து வண்ண அட்டைகள் வாங்கினேன், விளையாட்டு சேர்த்தேன், பரிசு வைத்தேன். ஒருவரும் திரும்பி வரவில்லை. கடைசியில் ஒரு தாயிடம் போய்க் கேட்டேன். "லிஃப்ட் பழுதுக்கா. ராத்திரி ஒம்போது மணிக்கு இருட்டுப் படியில பொம்பளப் புள்ளைய எப்படி அனுப்புறது?" என்றார். வகுப்பு கீழ்த்தளத்தில், அவர்கள் பதினாறாம் மாடியில். அவ்வளவுதான் விஷயம். வகுப்பை மாலை ஐந்தரைக்கு மாற்றினேன், முடிந்ததும் மாடி மாடியாகக் கூட்டிப்போய் விட இரண்டு அண்ணன்மாரை ஏற்பாடு செய்தேன். அடுத்த வாரமே பதினொரு பேர். பிள்ளைக்கும் படிப்புக்கும் நடுவே ஏதோ ஒன்று அடைத்து நிற்கிறது. அது என்ன என்று கண்டுபிடிப்பதுதான் நீங்கள் செய்யப்போகும் தொழில். பாடம் சொல்லிக்கொடுப்பது அதற்குப் பிறகு.

இதே கதை வேறு இடத்திலும் நடந்திருக்கிறது. கோலாலம்பூரில் அகதிப் பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்களாகப் பாடம் நடத்திய மூன்று பல்கலைக்கழக மாணவர்கள், பிள்ளைகள் பாதியில் நிற்பதைப் பார்த்தார்கள். வீட்டில் வருமானம் இல்லை என்பதுதான் காரணம். அகதிகளுக்கு இங்கே சட்டப்படி வேலை செய்ய அனுமதி இல்லை. ஆனால் அந்தத் தாய்மார்களுக்கு நன்றாகச் சமைக்கத் தெரியும். 2016-இல் அவர்கள் சமைத்த உணவை விற்கும் 'பிச்சா' நிறுவனம் பிறந்தது. பள்ளிக்கூடம் நடத்தப் போனவர்கள் உணவு வியாபாரத்துக்கு வந்ததற்கு, அடைப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்ததே காரணம்.

இரண்டாம் படி: பிள்ளை நிற்கும் இடத்தை அளந்து பாருங்கள்

பிள்ளை எந்த ஆண்டில் படிக்கிறது என்று கேட்டுவிட்டு அந்த ஆண்டுப் பாடத்தை எடுக்காதீர்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை இரண்டாம் ஆண்டு வாசிப்பில் நிற்கலாம்.

மும்பையில் 1995-இல் தொடங்கிய 'பிரதம்' அமைப்பிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட வழி இது. பிள்ளைகளை வயதுப்படியோ வகுப்புப்படியோ பிரிக்காமல், இன்று அவர்களால் எதை வாசிக்க முடிகிறதோ அதன்படி பிரிக்கிறார்கள். இந்தியக் கிராமங்களில் 2005 முதல் நடக்கும் 'அசர்' கணக்கெடுப்புக்கு ஒரு தாள் போதும். எழுத்து, சொல், நான்கு எளிய வரிகள், பிறகு ஒரு சிறு கதை. எந்தப் படியில் பிள்ளை தடுமாறுகிறதோ அதற்கு முந்தைய படிதான் அதன் இடம். 2019-இல் பொருளியல் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோரின் குழு இந்த முறையைப் பலமுறை சோதித்திருக்கிறது. சரியாக நடத்தினால் பலன் தருகிறது என்பதுதான் திரும்பத் திரும்ப வந்த முடிவு.

நம் நாட்டில் இந்தத் தாளைத் தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று என்று இரண்டாகத் தயாரியுங்கள். கணக்குக்கு இன்னொன்று: எண்களை அடையாளம் காணுதல், கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம். மற்ற பிள்ளைகளின் காதில் விழாத இடத்தில், பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். தப்பாக வாசித்தால் திருத்தவோ முகம் சுளிக்கவோ வேண்டாம்.

மலாய்த் தாள் ஏன் என்று சிலர் கோபப்படுவார்கள். 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் ஒரு தமிழ் வகுப்பாகத் தொடங்கியது நம் தமிழ்க்கல்வி. இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. என் பிள்ளைகளும் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள்தான். தமிழ்ப்பள்ளி பிள்ளைகளைத் தாங்குகிறது. அங்கே டீச்சருக்கு வீட்டு நிலைமை தெரியும், ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் யாராவது கேட்பார்கள். சறுக்கல் வருவது ஆறாம் ஆண்டுக்குப் பிறகு, இடைநிலைப்பள்ளியில். திடீரென்று எல்லாப் பாடமும் மலாயில், வகுப்பில் நாற்பது பேர், பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. சிலர் படிவம் ஒன்றுக்கு (இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டு) முன் மலாயைப் பலப்படுத்தும் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு இருந்துவிட்டுப் போகிறார்கள், அதற்குள் பழைய நண்பர்கள் ஒரு படிவம் முன்னே போய்விட்டார்கள் என்ற வெட்கம் வேறு. படிவம் இரண்டு, மூன்றில் பையன்கள் வகுப்பின் பின்வரிசைக்குப் போகிறார்கள். அடுத்து பள்ளி வேலிக்கு வெளியே.

ஆறாம் ஆண்டில் எழுதிய யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இலும் படிவம் மூன்றில் எழுதிய பிடி3 தேர்வு 2022-இலும் நிறுத்தப்பட்டன. பிள்ளைகளின் பயத்தைக் குறைத்த முடிவு அது, நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்த முடிவுத் தாள்தான் பல பெற்றோருக்குப் புரிந்த ஒரே மொழி. அது வீட்டுக்கு வருவது நின்றபின், "பையன் நல்லாத்தான் படிக்கிறான்" என்ற நம்பிக்கை படிவம் ஐந்தில் எழுதும் எஸ்பிஎம் தேர்வு வரைக்கும் ஓடிவிடுகிறது. எஸ்பிஎம் சான்றிதழுக்கு மலாயும் வரலாறும் கட்டாயத் தேர்ச்சி. கணக்கில் ஏ வாங்கியும் மலாயில் தவறியதால் சான்றிதழ் இல்லாமல் நின்ற ஒரு பிள்ளையின் அப்பா, முடிவு வந்த அன்று என் வகுப்பு வாசலில் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அதனால் சொல்கிறேன்: எங்கே கைவைப்பது என்று தெரியாவிட்டால், ஐந்தாம் ஆண்டிலிருந்து படிவம் இரண்டு வரையிலான மலாய் வாசிப்பில் கைவையுங்கள்.

மூன்றாம் படி: யார் பணம் கட்டுவார்கள்?

இதை வகுப்பின் முதல் மாதத்திலேயே தாளில் எழுதிப் பாருங்கள். ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். நாற்பது பிள்ளைகள், மாதம் பன்னிரண்டு வகுப்பு. பகுதிநேர ஆசிரியர் இருவருக்குத் தலா 800 வெள்ளி, மொத்தம் 1,600. ஒரு பிள்ளைக்கு ஒரு வகுப்புக்கு இரண்டு வெள்ளிச் சிற்றுண்டி என்றால் 960. நகல் எடுக்க 150, மின்சாரமும் இணையமும் 150. கூட்டினால் 2,860. ஒரு பிள்ளைக்கு மாதம் 71 வெள்ளி 50 சென்.

பெற்றோர் மாதம் பத்து வெள்ளி கட்டினால் 400 வரும். மிச்சம் 2,460. இந்த 2,460-ஐ எதை விற்றுச் சம்பாதிப்பது என்பதுதான் உங்கள் கேள்வி. கட்ட முடிந்த குடும்பங்கள் இருக்கும் வட்டாரத்தில் வார இறுதி வகுப்பு வைத்து, முப்பது பேரிடம் 120 வெள்ளி வாங்கினால் 3,600. ஆசிரியருக்கும் இடத்துக்கும் 1,100 போனால் 2,500 மிஞ்சும். அதே ஆசிரியர், அதே தாள், அதே தரம். இரண்டு இடத்துக்கும் தரம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இது புது யோசனை இல்லை. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் செலுத்துபவர்களின் பணத்தில் இல்லாதவர்களுக்கும் அறுவை செய்து வளர்ந்தது. வங்காளதேசத்தின் பிராக் அமைப்பு 'ஆரோங்' கைவினைக் கடைகளையும் பால் தொழிலையும் நடத்தி, அந்த வருமானத்தைத் தன் பணிகளுக்குச் செலவிடுகிறது. செந்தூலில் 1998-இல் தொடங்கிய 'டிக்னிட்டி' அறவாரியம், அகதிப் பிள்ளைகளுக்கும் நகர்ப்புற ஏழைப் பிள்ளைகளுக்கும் பள்ளி நடத்துவதோடு உணவகமும் தையலகமும் வைத்திருக்கிறது. அங்கே பெரிய மாணவர்கள் தொழிலும் பழகுகிறார்கள். பினாங்கின் புக்கிட் மெர்தாஜாமில் பின்தங்கிய பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பும் 'டீச் ஃபார் மலேசியா'வின் முன்னாள் ஆசிரியர்கள் தொடங்கிய 'ஆருஸ் அகாடமி' கற்றல் நிலையம் பற்றியும் தேடிப் படியுங்கள்.

பத்து வெள்ளி வாங்கலாமா என்று தயங்குவீர்கள். வாங்குங்கள். அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தோட்டத் தொழிலாளர்களிடம் மாதாமாதம் தவணையாகத்தான் பங்குப் பணம் வாங்கினார். பால் மரம் வெட்டியவர்களின் அந்தப் பணத்தில்தான் தோட்டங்களே வாங்கப்பட்டன. நம் பாட்டன் பாட்டி பணம் போட்டு உரிமையாளர்களானவர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் சும்மா கொடுத்துக் கைநீட்டப் பழக்க வேண்டாம். பத்து வெள்ளி கட்டும் அம்மா, "ஏன் இன்னிக்கு டீச்சர் வரல?" என்று தைரியமாகக் கேட்பார். அந்தக் கேள்வி உங்களுக்கு வேண்டும். கட்ட முடியாத மாதம் மைலோ கலக்கவோ கதவருகே பார்த்துக்கொள்ளவோ வரலாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். யார் கட்டினார், யார் கட்டவில்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரியவே கூடாது.

மானியம் கேட்கக் கூடாதா? கேளுங்கள். இந்தியச் சமூகத்துக்கான அரசாங்கப் பிரிவான மித்ரா இருக்கிறது, நிறுவன அறவாரியங்கள் இருக்கின்றன. மேசை, நாற்காலி, கணினி போன்ற ஒருமுறைச் செலவுக்கு வாங்குங்கள். ஆசிரியர் சம்பளத்தை மட்டும் மானியத்தில் கட்டாதீர்கள். ஒருமுறை எனக்கு வரவேண்டிய இரண்டாம் தவணை எட்டு மாதம் தாமதமானது. இரண்டு ஆசிரியர்களை இழந்தேன். அவர்கள் போனதும் அவர்களை நம்பி வந்த பிள்ளைகளும் போனார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலரை இன்றும் படிக்கட்டில் பார்க்கிறேன்.

அம்மாக்களின் வருமானம்தான் அடைப்பு என்று தெரிந்தால் அந்தப் பக்கமும் வழி இருக்கிறது. வங்காளதேசத்தின் கிராமீன் முறையைப் பின்பற்றி 1987-இல் உருவான அமானா இக்தியார் சிறுகடன் தருகிறது, அரசாங்கத்தின் சிறுதொழில் கடன் அமைப்பான தெக்குனில் இந்தியச் சிறுதொழிலர்களுக்கான ஸ்பூமி திட்டம் உண்டு. கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் அவரோடு உட்கார்ந்து, மாதம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், வியாபாரம் நடக்காத வாரம் என்ன ஆகும் என்று சேர்ந்து கணக்குப் பாருங்கள்.

நான்காம் படி: ஆட்கள்

பல்கலைக்கழகத் தன்னார்வலர்கள் அருமையானவர்கள். ஆனால் தேர்வுக் காலத்தில் வர மாட்டார்கள், அது அவர்கள் தவறும் இல்லை. முதுகெலும்பாக அதே கட்டடத்து ஆளைத் தேடுங்கள். பிராக் 1985-இல் 22 ஓரறைப் பள்ளிகளைத் தொடங்கியபோது, ஒவ்வொன்றிலும் முப்பது பிள்ளைகளுக்கு அதே ஊர்ப் பெண் ஒருவரைத்தான் ஆசிரியராக வைத்தது. நான் வைத்திருப்பவர்களில் ஒருவர் எஸ்பிஎம் முடித்துத் திருமணமாகி ஒன்பதாம் மாடியில் இருப்பவர். பிள்ளை வராவிட்டால் ஏழு நிமிடத்தில் அந்த வீட்டு வாசலில் நிற்பார். பட்டதாரியான என்னால் அது முடியாது. அவருக்குச் சம்பளம் கொடுங்கள், மாதத்தின் அதே தேதியில் கொடுங்கள், சொக்சோ காப்புறுதியும் ஈபிஎஃப் சேமநிதியும் கட்டுங்கள். ஏழைகளுக்காக நடத்தும் தொழிலில் ஏழைப் பெண் சும்மா உழைக்கக் கூடாது.

ஐந்தாம் படி: பிள்ளைகளின் பாதுகாப்பு

இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்தே இருக்க வேண்டும். எந்த ஆசிரியரும் ஒரு பிள்ளையைத் தனியாகக் காரில் ஏற்றக் கூடாது, தனிப்பட்ட வாட்ஸ்அப்பில் பேசக் கூடாது. ஓர் ஆசிரியரையோ தன்னார்வலரையோ சேர்க்கும் முன், பிள்ளைகளுக்கு எதிராகக் குற்றம் செய்தவர்களைக் குறித்துவைக்கும் சமூக நல இலாகாவின் பிள்ளைகள் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று சரிபார்க்க விண்ணப்பியுங்கள். தெரிந்தவர், கோவில் கமிட்டி ஆள், சொந்தக்காரர் என்றாலும் விண்ணப்பியுங்கள். ஒரு பிள்ளை ஏதாவது சொன்னால் நம்புங்கள், குடும்பத்துக்குள் பேசித் தீர்க்கலாம் என்ற ஆலோசனையை ஏற்காதீர்கள், 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணை அழையுங்கள். 2017-ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம்.

நன்கொடையாளருக்குக் காட்ட அழுக்குச் சட்டைப் பிள்ளையைப் படம் எடுக்க வேண்டாம். அந்தப் படம் அவளுக்கு இருபது வயதாகும்போதும் இணையத்தில் இருக்கும்.

ஆறாம் படி: பதிவு

சுருக்கமாகச் சொல்கிறேன். சங்கமாகப் பதிய ஏழு பேர் வேண்டும், 1966 சங்கச் சட்டம், சங்கப் பதிவிலாகா. வியாபாரம் செய்ய சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) எளிது, ஓர் இயக்குநர் போதும், நிறுவனங்களைப் பதியும் எஸ்எஸ்எம்-இல் பதியலாம். லாபம் பங்கிடாத அமைப்பு வேண்டுமென்றால் உத்தரவாத நிறுவனம் உண்டு, செலவும் கணக்கு வேலையும் கூடுதல். கட்டணம் வாங்கி டியூஷன் நடத்த 1996 கல்விச் சட்டத்தின் கீழ் கல்வி இலாகாவில் பதிய வேண்டும், வார இறுதி வகுப்பைத் தொடங்கும் முன் அங்கே நேரில் போய் விதிமுறைகளைக் கேட்டுவிடுங்கள். நன்கொடை தருபவருக்கு வரிவிலக்கு கிடைக்க, வருமான வரிச் சட்டம் 44(6)-இன் கீழ் அங்கீகாரம் தேவை. தொழில் முனைவோர் அமைச்சு 2019 முதல் சமூகத் தொழில்களுக்கு அங்கீகாரச் சான்று தருகிறது. பெரிய நிறுவனங்களிடம் விற்கப் போகும்போது அது உதவும், முதல் நாளே தேவையில்லை.

என் யோசனை: முதல் ஆறு மாதம் ஏற்கெனவே பதிந்த ஓர் அமைப்பின் நிழலில் வேலை செய்யுங்கள். டான் ஸ்ரீ டாக்டர் தம்பிராஜா 1982-இல் தொடங்கிய, நம் மாணவர்களுக்கு டியூஷன் நடத்தும் ஸ்ரீ முருகன் நிலையத்தின் வகுப்பு ஒன்றில் போய் உட்காருங்கள். பள்ளியை விட்டு நின்ற இளைஞர்களோடு வேலை செய்யும் மைஸ்கில்ஸ் அறவாரியத்தைப் போய்ப் பாருங்கள். பத்தொன்பது வயதில் வழிதவறிய பையனைத் திருப்பி நிறுத்த எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று பார்த்தபின், பத்து வயதுப் பிள்ளைக்கு மலாய் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் அவசரம் உங்களுக்குத் தானாக வரும்.

ஒன்றை விட்டுவிட்டேன். அதே மாடியில் மலாய்க்காரப் பிள்ளைகளும் இருப்பார்கள், வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே கூப்பிடுங்கள். என் வகுப்பில் மலாய் உச்சரிப்பைச் சொல்லிக்கொடுத்தவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான், அவர்களுக்கு நம் பிள்ளைகள் கணக்கு சொல்லிக்கொடுத்தார்கள். வகுப்புக்கு இடம் கிடைக்காமல் நான் அலைந்தபோது குடியிருப்பாளர் சங்கத்தில் எனக்காகப் பேசியது அந்தப் பிள்ளைகளில் ஒருவரின் அம்மா.

எதை எண்ணுவது

வருகை ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே வாசிப்புத் தாளை வைத்துப் பார்ப்பது இன்னொன்று. எழுத்தில் நின்றவர்களில் எத்தனை பேர் சொல்லுக்குப் போனார்கள், சொல்லில் நின்றவர்களில் எத்தனை பேர் கதைக்குப் போனார்கள். படிவம் ஒன்றுக்குப் போனவர்களில் படிவம் மூன்றிலும் பள்ளியில் இருப்பவர்கள் எத்தனை பேர். இந்த மூன்று எண்ணையும் சுவரில் ஒட்டுங்கள், குறைந்தாலும் ஒட்டுங்கள். எத்தனை டி-சட்டை கொடுத்தோம், யார் வந்து திறந்துவைத்தார் என்பதெல்லாம் அந்தச் சுவருக்கு வேண்டாம்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் போங்கள். அதற்கு முன் இரவு வேலை முடிந்து வந்தவர்கள் தூங்குவார்கள். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா போதும். லிஃப்ட் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். வேலை செய்தாலும் ஒருமுறை படியேறிப் போங்கள்.